ரொம்ப நாள் கழித்து ஒரு தமிழ் நாவல்: எதில் தொடங்கலாம்?

"பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் வாங்கினேன். 150 பக்கம் தாண்டவில்லை. அதற்கப்புறம் எந்தப் புத்தகத்தையும் தொடவே மனசு வரவில்லை. வேறு என்ன படிக்கலாம்?"

போன மாதம் மட்டும் மூன்று பேர் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில் கேட்டார்கள். ஒருவர் வங்கி ஊழியர். ஒருவர் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு வீட்டில் தனியாக இருக்கும் அம்மா. மூன்றாமவர் பத்தாம் வகுப்பு மகனைத் தமிழ் படிக்க வைக்க வழி தேடும் அப்பா. மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் எங்கள் பெரியப்பா ஒரு வாடகை நூலகம் வைத்திருந்தார். கல்லூரி நாட்களிலும் அதற்குப் பிறகு சில வருஷங்களும் சாயங்கால வேளைகளில் அங்கே நான்தான் உட்கார்ந்திருப்பேன். யார் எதை எடுத்துப் போனார்கள், எத்தனை நாளில் திருப்பினார்கள் என்று தேதி போட்டு நோட்டில் எழுதுவது என் வேலை. அந்த நோட்டைவிட உண்மை பேசியது புத்தகத்துக்குள் இருந்த பஸ் டிக்கெட். அடையாளத்துக்காக வைத்த டிக்கெட்டை எடுக்க மறந்து திருப்பிக் கொடுப்பார்கள். அது 40ஆம் பக்கத்தில் இருந்தால், அவர் அந்தப் பக்கத்தோடு நின்றுவிட்டார் என்று அர்த்தம். அப்படி நின்றவர் அடுத்த வாரம் வருவது சந்தேகம். முழுசாகப் படித்தவரோ மறுநாளே வந்து நிற்பார். ரொம்ப நாள் கழித்துப் படிக்க வருகிறவருக்கு முதல் புத்தகம் முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று நான் இத்தனை பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான்.

## எதையெல்லாம் பார்க்க வேண்டும்

முதலில், எத்தனை நாளில் முடியும். வேலைக்குப் போகிறவருக்கு இரவில் 20 நிமிஷம் கிடைத்தால் பெரிது. அந்தக் கணக்கில் 2,000 பக்கம் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நாலு நாள் விட்டுப்போனால் மறுபடி தொடர முடியுமா. நாற்பது பாத்திரங்கள் உள்ள கதையில் ஒரு வாரம் இடைவெளி விழுந்தால் யார் யாருக்கு மாமன் என்பதே மறந்துவிடும். பலரும் நாவலைக் கைவிடுவது சலிப்பினால் அல்ல. இந்த மறதியினால்தான்.

மூன்றாவது நடை. நான்காவது, எத்தனையாவது பக்கத்தில் கதை நம்மைப் பிடித்துக்கொள்கிறது. ஐந்தாவது, முடித்ததும் அதே ருசியில் அடுத்தது கிடைக்குமா. கடைசியாக ஒன்று, யாரும் வெளியே சொல்லாதது: நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன் எழுதியதில் இன்றைக்கு உறுத்தும் இடங்கள் எவ்வளவு இருக்கின்றன. வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கப் போகிறீர்கள் என்றால் இது முக்கியம்.

விலையை நான் பட்டியலில் சேர்க்கவில்லை. இங்கே சொல்லப்போகும் பெரும்பாலானவை கிளை நூலகத்தில் கிடைத்துவிடும்.

## சரித்திர நாவல்

தமிழில் வெகுஜனக் கதை என்றாலே எல்லார் வாயிலும் முதலில் வருவது கல்கியின் பொன்னியின் செல்வன். 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்தது. அன்றைய வாசகர்கள் அதை மூன்றரை வருஷம், வாரம் ஒரு துண்டாகப் படித்தார்கள். நாம் அதையே ஒரே மூட்டையாக வாங்கி ஒரு மாதத்தில் முடிக்கப் பார்க்கிறோம். தடுக்குவது அங்கேதான்.

எங்கள் நூலகத்தில் ஒரு பழைய பைண்டு தொகுப்பு இருந்தது. பத்திரிகையிலிருந்து வாரா வாரம் கிழித்து, ஊசியால் தைத்து, காலிகோ அட்டை போட்டது. ஓவியர் மணியத்தின் படங்கள், ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட தைல விளம்பரம், நடுவில் ஒட்டிக்கொண்டு வந்த ஒரு துணுக்கு. அதில் படிக்கும்போது ஒவ்வொரு அத்தியாயமும் தனித்தனியாகத் தெரியும். ஒவ்வொன்றும் அடுத்த வாரத்துக்கு ஒரு கொக்கியைப் போட்டுவிட்டு முடியும். கிட்டத்தட்ட 300 அத்தியாயங்கள். இரவுக்கு ஒன்று என்று வைத்தால் பத்து மாதம் ஆகும். அப்படிப் படிப்பதுதான் அதற்குப் பொருத்தமான வேகம் என்பது என் அபிப்பிராயம்.

கதை எங்கே பிடிக்கிறது? ஆடிப்பெருக்கு அன்று வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருவதில் தொடங்குகிறது. இன்றைக்கு நாம் வீராணம் என்று சொல்லும் அதே ஏரி. ஏரி வர்ணனை, சைவ வைஷ்ணவச் சண்டை, ஆழ்வார்க்கடியான் பேச்சு என்று ஐந்து அத்தியாயம் சாவகாசமாகப் போகும். ஆறாவது 'நடுநிசிக் கூட்டம்'. கடம்பூர் மாளிகையில் சதி பேசுவதை வந்தியத்தேவன் ஒளிந்து கேட்கும் இடம். முதல் நாள் எப்படியாவது அதுவரை போய்விடுங்கள். மூன்றாவதில் மூடி வைத்தவர்கள் நிறையப் பேர் திரும்பத் திறக்கவேயில்லை.

மறைமுகச் செலவுகள் இதில் சில உண்டு. பெயர்கள்: அருள்மொழிவர்மர், பொன்னியின் செல்வர், பிற்பாடு ராஜராஜன் எல்லாம் ஒருவரே. பழுவேட்டரையரில் பெரியவர், சின்னவர் என இருவர். ஒரு துண்டுத் தாளில் உறவுமுறையை எழுதிப் புத்தகத்தில் செருகிக்கொள்ளுங்கள். அடுத்தது பதிப்பு. கல்கியின் எழுத்துகள் 1999ல் நாட்டுடைமை ஆயின. அதனால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். நல்ல பதிப்புகளும் வந்தன, கண்ணை வருத்தும் பொடி எழுத்தில் பிழையோடு அடித்தவையும் வந்தன. 'சுருக்கம்' என்பதை அட்டையில் சின்னதாகப் போட்டவையும் உண்டு. வாங்கும் முன் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படித்துப் பாருங்கள்.

மூன்றாவது செலவு வரலாறு சம்பந்தப்பட்டது. வந்தியத்தேவன் குந்தவையின் கணவராகக் கல்வெட்டில் இருப்பவர். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையும் நடந்ததுதான், காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு அதைச் சொல்கிறது. ஆனால் நாவலில் வரும் நந்தினி கல்கியின் கற்பனை. இந்த வித்தியாசம் தெரியாமல் நாவலையே சோழ வரலாறாக எடுத்துக்கொண்டு சண்டை போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கதையாகப் படித்துவிட்டு, பிறகு பழையாறைக்கும் உடையார்குடிக்கும் ஒரு நாள் போய் வாருங்கள். கும்பகோணத்திலிருந்து இரண்டுமே பஸ்ஸில் போகிற தூரம்தான்.

சரித்திரம்தான் வேண்டும், அவ்வளவு நீளம் முடியாது என்றால் கல்கியின் பார்த்திபன் கனவு. உறையூர், காவிரி, படகோட்டி பொன்னன் என்று முதல் பக்கத்திலேயே கதைக்குள் போய்விடலாம். ஒரே புத்தகம், கை கொள்ளும் பாத்திரங்கள். முதல் சரித்திர நாவலாக நான் கொடுப்பது இதைத்தான். சாண்டில்யனின் கடல் புறாவும் யவன ராணியும் வேறு ரகம். போர் வியூகமும் கடல் பயணமும் பிரமாதமாக இருக்கும். நடுநடுவே நாயகியின் அழகைப் பக்கம் பக்கமாக வர்ணிப்பார். சிலருக்கு அதுதான் இழுப்பு, சிலர் அந்தப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போவார்கள். பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்க வேண்டாம். பாலகுமாரனின் உடையார் ஆறு பாகம். பெரிய கோயில் எழும்பும் கதை. கல்கியை முடித்தவர்களுக்கு.

## துப்பறியும் கதை

விட்ட பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவர இதைவிட நிச்சயமான மருந்து எனக்குத் தெரியவில்லை. எங்கள் நோட்டில் இரண்டே நாளில் திரும்பி வந்தவற்றில் பாதிக்கு மேல் இந்த வகைதான்.

சுஜாதாவிலிருந்து தொடங்கலாம். கணேஷ் 1968ல் நைலான் கயிறு தொடரில் வந்தார். வஸந்த் பிறகு சேர்ந்துகொண்டார். இரண்டு பேரும் வக்கீல்கள், கணேஷ் நிதானம், வஸந்த் வாய். வாக்கியங்கள் நறுக்கென்று இருக்கும், ஒரு வர்ணனை இரண்டு சொல்லில் முடிந்துவிடும். மூன்றாம் பக்கத்தில் கதைக்குள் இருப்பீர்கள். கொலையுதிர் காலம் எடுத்தவர் இரவில் விளக்கை அணைக்காமல் படித்ததாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. பனியில் தெரியும் ஓர் உருவம், அது ஆவியா விஞ்ஞானமா என்று கணேஷுக்கும் வஸந்துக்குமே இழுபறி. கொஞ்சம் மண்வாசனை வேண்டும் என்றால் கரையெல்லாம் செண்பகப்பூ. நாட்டுப்பாடல் தேடிக் கிராமத்துக்குப் போகும் பட்டணத்து இளைஞன் ஒரு பழைய வீட்டின் மர்மத்தில் மாட்டிக்கொள்வான்.

இதில் உறுத்தும் இடம்: வஸந்த் பெண்களைப் பற்றிப் பேசும் பேச்சு. அந்தக் காலத்தில் குறும்பாகத் தெரிந்தது இன்றைக்கு முகம் சுளிக்க வைக்கும். பதின்பருவப் பிள்ளைக்குக் கொடுப்பதாக இருந்தால் நீங்களும் கூடவே படித்து, அந்த இடத்தைப் பற்றிப் பேசிவிடுங்கள்.

ராஜேஷ்குமார் கணக்கு வேறு. கோயம்புத்தூர்க்காரர், 1,500 நாவல்களுக்கு மேல் எழுதியவர். சம்பந்தமே இல்லாத இரண்டு கதைகள் மாறி மாறி ஓடிக் கடைசியில் ஒரு புள்ளியில் முட்டுவது இவர் கைவந்த பாணி. விவேக், ரூபலா வந்து முடிச்சை அவிழ்ப்பார்கள். திருச்சியில் பஸ் ஏறி மதுரையில் இறங்குவதற்குள் ஒன்று முடியும். மாத நாவல்களாகப் பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கியவை இவைதான். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும், சுபாவின் நரேந்திரனும் வைஜயந்தியும் அதே கயிற்றில் தொங்கினார்கள். பரத்-சுசீலா கதைகளில் கலகலப்பு அதிகம், சுபாவில் சாகசம் அதிகம்.

மறைமுகச் செலவு என்ன? இத்தனை எழுதும்போது எல்லாமே ஒரே தரத்தில் இருக்காது. முதலில் கையில் கிடைப்பது சுமாரானதாக இருந்தால் மொத்தத்தையும் ஒதுக்கிவிடத் தோன்றும். இரண்டு மூன்று படித்த பிறகு முடிவு செய்யுங்கள். படித்த மூன்றாம் நாள் தலைப்புகூட மறந்துவிடும் என்பதும் உண்மை. அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. டாக்டரிடம் காத்திருக்கும் ஒரு மணி நேரத்தைக் கடத்திய புத்தகம் அதன் வேலையைச் செய்துவிட்டது.

## குடும்பக் கதையும் காதல் கதையும்

எங்கள் நூலகத்தின் வாடகை வருமானத்தைத் தாங்கிப் பிடித்தது இந்த அலமாரிதான். ரமணிசந்திரன் புத்தகம் புதிதாக வந்தால் வரிசையில் பெயர் எழுதிக் காத்திருப்பார்கள். தலைப்புகள் ஒன்றுபோலவே இருப்பதால், படித்துவிட்டோமா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒவ்வொருவரும் ஓர் அடையாளம் வைத்திருந்தார்கள். ஒரு மாமி 27ஆம் பக்கத்தின் மூலையில் பென்சிலால் நாலு புள்ளிக் கோலம் போடுவார். இன்னொருவர் கடைசிப் பக்கத்தில் சின்ன 'ர'. புத்தகம் எடுக்க வந்தால் முதலில் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பார்கள். சில புத்தகங்களில் பத்துப் பன்னிரண்டு குறிகள் இருந்தன. பெரியப்பா ஒருநாளும் அதை அழிக்கச் சொன்னதில்லை.

இந்த வகையை மட்டமாகப் பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. பகல் முழுக்க அடுப்படியில் நின்றவர், சுபமாக முடியும் என்ற உத்தரவாதத்தோடு ஒரு கதையைக் கையில் எடுப்பதில் என்ன தவறு? நடை எளிமை, பாத்திரங்கள் குறைவு, நாலு நாள் விட்டாலும் கதை புரியும். ஆனால் அச்சு ஒன்றுதான்: கோபக்கார நாயகன், ஒரு தப்பபிப்பிராயம், கடைசியில் எல்லாவற்றையும் மன்னித்துவிடும் பெண். அந்த மன்னிப்பு சில கதைகளில் எனக்கு ஒப்புவதில்லை. தொடர்ந்து பத்துப் படித்தால் சலிப்பும் வரும்.

சலிப்பு வந்தால் நகர இடம் இருக்கிறது. லட்சுமி ஒரு டாக்டர், 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்காக 1984ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். அவர் கதைகளில் குடும்பம் இருக்கும், கூடவே சொந்தக் காலில் நிற்கும் பெண்ணும் இருப்பாள். சிவசங்கரியின் ஒரு மனிதனின் கதை, குடியினால் அழியும் தியாகுவின் கதை. டிவியில் ரகுவரன் நடித்துப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வீட்டில் குடிப்பழக்கத்தால் கஷ்டப்பட்டவர்கள் மனசு தெளிவாக இருக்கும் நாளாகப் பார்த்து எடுங்கள். லேசான படிப்பு அல்ல. பாலகுமாரனின் இரும்பு குதிரைகளையும் இந்த அலமாரியில்தான் வைத்திருந்தோம். லாரி, சரக்கு, அதை நம்பிப் பிழைக்கும் ஆட்கள், நடுவே குதிரைகளைப் பற்றிய கவிதைகள். காதல் கதையில் தொடங்கி அங்கே போய்ச் சேர்ந்த வாசகிகள் பலரை எனக்குத் தெரியும்.

## அமானுஷ்யமும் விஞ்ஞானமும்

இவை இரண்டையும் சேர்த்துச் சொல்லக் காரணம், ரெண்டுக்கும் வருகிற வாசகர் ஒருவரே: "இது எப்படி நடந்தது?" என்று கேட்கிறவர்.

இந்திரா சௌந்தர்ராஜனின் விட்டு விடு கருப்பா, 1990களின் இறுதியில் டிவியில் 'விடாது கருப்பு' தொடராக வந்து ஊரையே உட்கார வைத்தது. ஊரில் விழும் சாவுகளுக்குக் கருப்புசாமி காரணமா, ஆள் யாராவது காரணமா என்பதுதான் முடிச்சு. கோயில், சித்தர், குலதெய்வம் இவற்றோடு வளர்ந்தவருக்கு முதல் பக்கத்திலிருந்தே சொந்த ஊர் மாதிரி இருக்கும். இந்த நம்பிக்கைகளில் பொறுமை இல்லாதவருக்கு ஒத்துவராது. தனியாக இருப்பவர்கள் பகலில் படியுங்கள்.

சுஜாதாவின் என் இனிய இயந்திரா 1980களில் ஆனந்த விகடனில் வந்தது. கதை நடப்பது 2020களின் தொடக்கத்தில். அதாவது அவர் கற்பனை செய்த எதிர்காலத்தை நாம் கடந்து வந்துவிட்டோம். ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி, பிள்ளை பெறவே அனுமதி வாங்க வேண்டிய நாடு, கணவனைத் தேடும் நிலா, அவளோடு சேர்ந்துகொள்ளும் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி. ஜீனோ புத்தகம் படிக்கும், வாதம் செய்யும், படிக்கப் படிக்க மனுஷத்தன்மை கூடிக்கொண்டே போகும். செயற்கை அறிவைப் பற்றி எல்லாரும் பேசும் இந்த நேரத்தில் பத்தாம் வகுப்புப் பையனுக்குக் கொடுக்க இதைவிடப் பொருத்தமானதை நான் யோசிக்கவில்லை. முடித்தால் அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ' காத்திருக்கிறது. செலவு என்று பார்த்தால் சில தொழில்நுட்ப விவரங்கள் பழசாகிவிட்டன, அவ்வளவுதான்.

## சிரிக்கச் சிரிக்க

தேவனின் துப்பறியும் சாம்புவை ஏன் எல்லாரும் கடைசியில் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. நான் பலருக்கும் முதலில் கொடுப்பது இதுதான். வங்கி குமாஸ்தாவான சாம்பு ஏதோ ஒன்றை உளறுவார், அது குற்றவாளியைக் காட்டிக் கொடுத்துவிடும், ஊர் அவரை மேதை என்று கொண்டாடும். ஒவ்வொரு கேஸும் சின்னது. இன்றைக்கு ஒன்று, பத்து நாள் கழித்து ஒன்று படித்தாலும் நஷ்டம் இல்லை. பாட்டி முதல் பேரன் வரை சத்தமாக வாசிக்கலாம். நடையில் 1940களின் பிராமண வீட்டுப் பேச்சு இருக்கும். சிலருக்குப் பத்துப் பக்கம் பழக வேண்டியிருக்கும், அதற்கப்புறம் அதுவே ருசி. பிடித்துவிட்டால் அவருடைய ஜஸ்டிஸ் ஜகந்நாதன், ஜூரி முறை இருந்த காலத்து நீதிமன்றத்துக்குள் கொண்டுபோய் உட்கார வைக்கும்.

## கேட்ட மூவருக்கும் நான் சொன்னது

அந்த அப்பாவிடம் என் இனிய இயந்திரா என்றேன். பையனிடம் "படி" என்று சொல்ல வேண்டாம், அவர் முதலில் படித்துவிட்டு ஜீனோவைப் பற்றிச் சாப்பாட்டு வேளையில் பேசட்டும். பையன் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான் என்றால் சாம்பு, அதையும் அப்பாவே வாசித்துக் காட்ட வேண்டும்.

அந்த அம்மாவுக்கு லட்சுமியில் ஒன்றும் பார்த்திபன் கனவும். பகலில் நேரம் இருக்கிறது, அமைதி இருக்கிறது. இப்படிப்பட்டவர்தான் மூன்று மாதத்தில் பொன்னியின் செல்வனுக்கு வந்து நிற்பார். முதலிலேயே அதை எடுக்கலாம் என்று நான் சொல்லக்கூடிய ஒரே ஆளும் இவர்தான். ஆனால் அவருக்குத் தன்மேல் நம்பிக்கை குறைந்திருந்தது, அதனால் சின்னதாகத் தொடங்கச் சொன்னேன்.

வங்கி ஊழியர் இரவு 9 மணிக்கு வீடு திரும்புகிறவர். சோழ நாட்டை அலமாரியிலேயே விட்டுவிட்டு ஒரு ராஜேஷ்குமார், அடுத்து கொலையுதிர் காலம் என்று சொன்னேன். போன ஞாயிறு ஃபோன் செய்தார். கொலையுதிர் காலத்தை மூன்று இரவில் முடித்துவிட்டாராம். "வஸந்த் சொன்னது சரியா, கணேஷ் சொன்னது சரியா?" என்று அரை மணி நேரம் பேசினோம். வைக்கும் முன் கேட்டார்: "அந்த நடுநிசிக் கூட்டம் எத்தனாவது அத்தியாயம் சொன்னீங்க?"